நீலக் குவிமாடமும் ரசச் சட்டியும்

மங்கையற்கரசிக்குப் படத்தில் நிற்பதில் இருக்கிற விருப்பம் சாப்பாட்டில்கூட இல்லை. சாப்பாட்டையே அவள் முதலில் படம் எடுத்துவிட்டுத்தான் தொடுவாள். கோயில் தேரோ, கலியாண வீடோ, பூப்பு நீராட்டுச் சாமத்திய வீடோ, புதிதாகத் திறந்த மரக்கறிக் கடையோ, புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் எது நடந்தாலும் ஒரு மூலையில் இடுப்பில் கைவைத்து, முகத்தை இடப்பக்கம் சரித்து நிற்பாள். இடக்கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பது அவளுடைய பேஸ்புக் நண்பர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருமுறை பேஸ்புக்கில் வந்த சேலை மறுமுறை வரக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தால், ஒரேயொரு நாள் வெளிச்சம் பார்த்த பட்டுகள் அலுமாரிக்குள் ஆயுள் தண்டனை அனுபவித்துக் கிடந்தன.

இந்த வியாதியை அவளுக்குத் தொற்றவைத்தவர் பொன்னம்பலம். கணவன் இராஜரட்ணத்தின் சித்தப்பா. அகதியாக வந்து இறங்கிய இருவரையும் மில்லிக்கனில் இருந்த தன் வீட்டு பேஸ்மென்ற் நிலவறையில் வைத்திருந்த மனிதர் அவர். வந்த கிழமையே, ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்பவென்று மங்கையற்கரசியைப் பனிக்குள் நிறுத்திப் படம் எடுத்தார். போட்டிருந்த ஜக்கெற் அவருடைய மனைவியுடையது. சாய்ந்து நின்ற கார் அவருடையது. குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள, மூக்கு ஒழுக, அழுகை முட்டிய நேரம் அது.

"சிரி பிள்ளை," என்றார் பொன்னம்பலம். "பாக்கிற சனத்துக்கு உன்ர குளிர் தெரியக்கூடாது."

சிரித்தாள். அந்தப் படத்தைச் சுன்னாகத்தில் அவளுடைய தாய் தெரு முழுக்கக் காட்டித் திரிந்தாளாம். மகளுக்குக் கார் இருக்கிறது என்று பெருமைப்பட்டாளாம். மங்கையற்கரசி அன்றைக்குப் படித்த பாடத்தை அதன்பிறகு மறக்கவில்லை. அவர் சொன்னதில் ஆறுதல் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் அவளுக்குப் பிறகு நேரம் கிடைக்கவில்லை.

நேரம் எங்கே கிடைக்கும்? மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தலையில் வலை, கையில் கையுறை. சோற்றுக்கு மேல் வெள்ளித் தாளை மூடி, விளிம்பை மடித்து அமத்த வேண்டும். அன்றைய விமானங்கள் எங்கே போகின்றன என்று எதிரே பலகையில் எழுதியிருக்கும். ரோம், லிஸ்பன், ஏதென்ஸ். அவள் மூடிய சோறு ஏதென்ஸ் போனது. அவள் பஸ் பிடித்து ஸ்காபரோ வந்தாள். உண்மையைச் சொன்னால், அந்தச் சோற்றின்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அது நியாயமான பொறாமைதான். அதைக் குறை சொல்கிறவர்கள் ஒரு கிழமை அந்தக் குளிர் அறைக்குள் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

ஆகவே மகள் நிரூபா, பெற்றோரின் கலியாண நாளுக்கென்று, மத்தியதரைக் கடலில் இருக்கும் சந்தொரினித் தீவுக்கு ரிக்கற் வாங்கிக் கொடுத்தபோது மங்கையற்கரசி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் வேலையைத் தொடங்கினாள். "சந்தொரினியில் படம் எடுக்கத் தவறக்கூடாத இடங்கள்" என்று யூரியூப்பில் கிடந்த அத்தனையையும் பார்த்தாள். அந்தத் தீவில் எந்தக் காலத்து மனிதர்கள் வாழ்ந்தார்கள், எரிமலை எப்போது வெடித்தது என்று கேட்டால் தெரியாது. இயா என்ற ஊரின் எந்தச் சந்தில் எப்போது வெயில் விழும், எந்த மதிலில் சாய்ந்தால் பின்னால் கடல் வரும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வெள்ளைச் சுவருக்கு மெரூன் பட்டு. செம்மண் கடற்கரைக்குப் பச்சை. தீவின் சிகரமான நீலக் குவிமாடக் கோயிலுக்கு, இன்னும் யார் கண்ணும் படாத கடுகு மஞ்சள் காஞ்சிபுரம். இராஜரட்ணத்துக்கு எல்லா இடத்துக்கும் ஒரே வெள்ளைச் சேட்.

பயணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்பது வெளியில் சொல்லக்கூடிய காரணம். பாரிஸ் போய்ப் படம் போட்டவளும் கான்கூன் போய்ப் போட்டவளும் ஒன்றும் தெரியாமல் காலையில் தேத்தண்ணிக் கப்போடு போனைத் திறக்க, அங்கே தான் நீலக் குவிமாடத்தின் முன்னால் நிற்கவேண்டும் என்பது உள் காரணம்.

பொன்னம்பலம் அப்போது எண்பதைத் தாண்டி, மகள் அனோஜா வீட்டில் இருந்தார். கண் மங்கினாலும் பேஸ்புக்கை விடவில்லை. யார் என்ன படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து ஒரு லைக் போட்டு, கீழே ஒரே வசனத்தை எழுதுவார்: "வடிவா இருக்கு. எப்ப எடுத்தது?" பிறந்தநாள் கேக்குக்கும் அதுதான், செத்த வீட்டு மலர்வளையத்துக்கும் அதுதான். சொந்தக்காரர் சிரிப்பார்கள். மங்கையற்கரசி மட்டும் ஒருமுறையும் தவறாமல் பதில் போடுவாள். "இண்டைக்கு மாமா."

விமானம் ஏறவேண்டிய நாள் காலையில் அந்த மனிதர் செத்துப்போனார்.

இராஜரட்ணம் சூட்கேசின்மேல் ஏறி இருந்து சிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய போன் அடித்தது. அனோஜா. மங்கையற்கரசி எட்டிப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவளுடைய போனில் குடும்ப வட்ஸ்அப்பில் செய்தி வந்து விழுந்தது. வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்தாள். பொன்னம்பலத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குவரை துடக்கு என்ற சாவுத் தீட்டுக் காக்கவேண்டியவர், தமையன் மகனான இராஜரட்ணம்தான்.

"ஆரப்பா போனில?" என்றார் அவர்.

"இஞ்சருங்கோ, துடக்கு எப்ப இருந்து கணக்கு?"

"கேள்விப்பட்ட நேரத்தில இருந்து. ஏன்?"

"மாமா போயிட்டார்."

இராஜரட்ணம் சூட்கேசிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் அது திறந்துவிடும் என்று பயந்தாரோ, கால் வரவில்லையோ, தெரியாது. கண் மட்டும் கலங்கிவிட்டது. "ரிக்கற்றை மாத்தலாம் எண்டு பிள்ளை சொன்னவள்," என்றார்.

"மாத்தலாம். முப்பத்தொண்டு முடிய, அதுக்குப் பிறகு எனக்கு லீவு இல்லை. பிறகு வெயில் இல்லை. பிறகு உங்களுக்கு முழங்கால் இல்லை." அவள் குரல் உடைந்தது. "எத்தினை வருசம் சோறு மூடினனான் நான்?"

அவர் சிப்பை இன்னொருமுறை இழுத்தார். அவளே பேசினாள். "நீங்கள் இன்னும் கேள்விப்படேல்லை."

"நீ இப்பதானே சொன்னனீ?"

"நான் வாசிச்சன். நீங்கள் அனோஜாட்டை இருந்து கேக்கேல்லைத்தானே. சித்தப்பா உங்களுக்குத்தான். நீங்கள் கேள்விப்பட்டாத்தான் எனக்கும் துடக்கு. போய் இறங்கின பிறகு கேப்பம்."

வேதம் படித்த ஐயர்மாருக்கும் தோன்றாத விளக்கம் அது. இராஜரட்ணம் வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் எடுத்தவர். இதையும் அப்படித்தான் எடுத்தார்.

"ஓம்," என்றார்.

சந்தொரினியில் போய் இறங்கி, பெட்டிகளை அறையில் வைத்து, மெரூன் பட்டு உடுத்த பிறகுதான் இராஜரட்ணம் கேள்விப்படுவதற்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைச் சுவரோரம் நின்று போன் எடுத்தார். சொல்லவேண்டியதை மங்கையற்கரசி முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தாள். இருவருக்கும் கொவிட். எழும்ப ஏலாது. ஒருவரும் கிட்ட வரக்கூடாது.

"அண்ணை, அப்பா போயிட்டாரண்ணை," என்று அந்தப் பக்கம் அனோஜா கதறினாள். "எத்தினை தரம் அடிச்சன். கொள்ளி ஆர் வைக்கிறது?"

இராஜரட்ணம் இருமினார். நடிப்பாகத் தொடங்கிய இருமல் அழுகையாகி, அது உண்மையான நோயாளியின் குரலைக் கொடுத்துவிட்டது. "உன்ர மகன் ஜெனோசன் வைக்கட்டும், பிள்ளை. எனக்கு... எழும்ப ஏலாமல் கிடக்கு."

அந்த நேரம் பார்த்து, படிக்கட்டில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து வந்த கழுதை ஒன்று வாயைத் திறந்து கத்தியது.

"அதென்ன சத்தம் அண்ணை?"

"ரிவி," என்றார் இராஜரட்ணம்.

அனோஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "செத்தவீட்டுக்கு வந்த சாப்பாடு நிறையக் கிடக்கு. மிளகு ரசமும் வைச்சிருக்கினம். ஜெனோசனிட்டைக் குடுத்து உங்கட வாசலில வைக்கச் சொல்லுறன். உள்ளுக்கு வரமாட்டான், பயப்பிடாதேங்கோ. சூடாக் குடியுங்கோ ரெண்டு பேரும்."

போனை வைத்துவிட்டு இராஜரட்ணம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மங்கையற்கரசிக்கும் நெஞ்சில் சுருக்கென்றது. தகப்பனைப் பறிகொடுத்தவள் இவர்களுக்கு ரசம் அனுப்புகிறாள். அந்தச் சுருக்கு ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு வெயில் சரியான கோணத்துக்கு வந்துவிட்டது.

யூரியூப்பில் காட்டாத ஒன்று அந்தத் தீவில் இருந்தது. வரிசை. கடுகு மஞ்சள் உடுத்த நாளில், நீலக் குவிமாடத்தைப் படம் எடுப்பதற்கு, பாஸ்போட் அலுவலகத்தில் நிற்பது போல ஒரு வரிசை சந்து வளைந்து போனது. முன்னால் நின்ற பெண் பத்து முழ வாலோடு ஒரு சிவப்பு உடுப்பை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தாள். அவளுடைய படப்பிடிப்பாளன் வாலை வீசியெறிய, காற்று அதை அப்படியே கொண்டுவந்து மங்கையற்கரசியின் முகத்தில் அறைந்தது. பொட்டு அழிந்தது. பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஐஸ்கிறீமைக் கடுகு மஞ்சள் முந்தானையில் ஒழுக விட்டார். உலகமெல்லாம் அமைதி என்று போடும் படங்கள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன போலும்.

அவர்களுடைய முறை வந்தது. பின்னால் நின்ற பையனிடம் போனைக் கொடுத்துவிட்டு மங்கையற்கரசி இடுப்பில் கை வைத்தாள். இராஜரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இப்ப எடுத்திருப்பினம்," என்றார்.

சவத்தைத்தான் சொன்னார். அவளுக்கு விளங்கியது. முந்தானையில் ஐஸ்கிறீம் பட்ட மடிப்பை உள்ளே தள்ளினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

"கொஞ்சம் இடப்பக்கம் வாங்கோ," என்றாள். "சிரியுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய பெரிய மீசை இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்திருந்ததால், தூரத்துக்குச் சிரிப்பு மாதிரித்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது ரசச் சட்டி வாசலில் இருந்தது. எவர்சில்வர் சட்டி, துண்டு சுற்றி, மூடி இறுக்கி, தெருவில் திரியும் ரக்கூன் பிராணி தூக்கிப் போகாதபடி மேலே ஒரு கல். திறந்ததும் புளித்த மணம் வீட்டை நிறைத்தது. மங்கையற்கரசி அதைச் சிங்கில் ஊற்றி, சட்டியைத் தேய்த்துக் கழுவி வைத்தாள். இராஜரட்ணம் அன்று இரவு சாப்பிடவில்லை.

போனுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ஒன்றைக்கூடப் போட வழியில்லை. துடக்கு வீட்டுக்காரி, அதுவும் கொவிட்காரி, கடுகு மஞ்சள் பட்டில் எங்கே நிற்பது? பிரசவ வலி வந்தும் பெறமுடியாதவள் போல அறைக்குள் நடந்தாள். பாத்ரூமில் இருந்து பார்த்தாள். பஸ்சில் பார்த்தாள். வேலை இடைவேளையில் தலையில் வலையோடு பார்த்தாள். அந்தத் துடக்கு நாட்களில் மங்கையற்கரசி பட்ட துயரத்தை ஊர் பார்த்து, செத்த மாமனுக்காக என்று நினைத்துக்கொண்டது.

அந்தியேட்டியன்று காலையில் இராஜரட்ணம் ஒன்றும் சொல்லாமல் பிளாசாவில் இருக்கும் சலூனுக்குப் போனார். திரும்பி வந்தபோது மீசை இல்லை. கலியாணத்துக்கு முதலே வளர்த்த மீசை.

"என்னப்பா உது கோலம்?" என்று கத்தினாள் மங்கையற்கரசி.

"கொள்ளி வைக்கேல்லை. இதையாவது குடுப்பம் எண்டு பாத்தன்," என்றார். அவர் தானாக எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

சடங்கு முடிந்து சாப்பாடு பரிமாறியபோது, வந்திருந்த அத்தனை சொந்தமும் அந்த வெறும் உதட்டைப் பார்த்து உச்சுக்கொட்டியது. எவ்வளவு பாசம் என்றார்கள். அனோஜா வடைத் தட்டோடு வந்து மங்கையற்கரசிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இப்ப சுகமோ மச்சாள்? ரசம் குடிச்சனீங்களோ?"

"குடிச்சதோ! அந்த ரசம்தான் எங்களை எழுப்பினது," என்றாள் மங்கையற்கரசி, கழுவிய சட்டியை நீட்டியபடி.

"மனங்கேளாமல் மற்ற நாளும் வந்து பாத்தனான். வைச்ச கல்லும் அப்படியே கிடந்தது."

"நித்திரையாக் கிடந்திருப்பம். பிறகுதான் எடுத்தனாங்கள்."

அனோஜா தலையாட்டினாள். "இன்னொரு வடை போடட்டோ?" என்று கேட்டாள். அழுது வீங்கிய கண்ணில் கோபம் இருந்ததா என்று மங்கையற்கரசி பார்க்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. துடக்கு முடிந்துவிட்டது.

யோசனை இதுதான். இரண்டு பேரும் இப்போதுதான் சந்தொரினிக்குப் போகிறார்கள். மனம் ஆறுவதற்காக. ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, ஒரு கிழமை சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு, வீட்டுக்குள் ஒளிந்திருந்து நாளுக்கு ஒரு இடமாகப் படத்தை இறக்கவேண்டியது. வீட்டில் நோயென்று சொல்லித் தீவில் நின்றவர்கள், தீவென்று சொல்லி வீட்டில் கிடப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

அந்த ஒரு கிழமையும் ஸ்காபரோவில் நெருப்பு வெயில். யன்னல் சீலைகளை இழுத்து மூடினார்கள். காரை நான்கு தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். தக்காளி வாங்க இராஜரட்ணம் தொப்பி போட்டு மிசிசாகாவுக்குப் போய் வந்தார், ஏனென்றால் அங்கேதான் தெரிந்த முகம் குறைவு. புல்லு முழங்கால் உயரம் வளர்ந்தது. மங்கையற்கரசி சோட்டி என்ற பழைய வீட்டுக் கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இருட்டு ஹோலில் இருந்து, "இந்தக் கடற்காற்றை எப்படிச் சொல்ல!" என்று எழுதினாள்.

லைக்குகள் வந்து குவிந்தன. பாரிஸ்காரி இதயம் போட்டாள். கான்கூன்காரி ஒன்றும் போடவில்லை, அது இன்னும் இனித்தது. மெரூன் பட்டு, பச்சைப் பட்டு என்று தனியே நின்ற படங்களாகப் போட்டு வந்தவள், சனிக்கிழமை காலையில் சிகரத்தை அவிழ்த்தாள். நீலக் குவிமாடம், கடுகு மஞ்சள், பக்கத்தில் கணவன். "இன்று காலை, என்னவருடன்" என்று எழுதிப் போட்டாள். தன் முகம், தன் இடுப்பு, தன் முந்தானை, மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டாள். பக்கத்தில் நின்ற ஆளை யார் பார்க்கப்போகிறார்கள்?

தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லைக்கும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் ஒரு பக்கம் எப்படிக் கிடக்குமோ, அப்படிக் கிடந்தது. பிறகு ஒன்று விழுந்தது. ஒரேயொரு லைக். அதன் பக்கத்தில், கண்ணாடி போட்டுச் சிரிக்கும் ஒரு கிழவரின் முகம்.

பொன்னம்பலம்.

செத்தவரின் கணக்கை அனோஜாதான் நடத்தி வந்தாள். மரண அறிவித்தலும் நன்றி நவிலலும் அதில்தான் வந்திருந்தன. மங்கையற்கரசிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். லைக்குக்குக் கீழே எழுத்து வந்தது.

"வடிவா இருக்கு. எப்ப எடுத்தது?"

இராஜரட்ணம் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கேள்வியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தன் உதட்டைத் தடவினார். "இஞ்சேரப்பா," என்றார் மெதுவாக. "மீசை."

அந்தியேட்டியில் ஊரே பார்த்து உச்சுக்கொட்டிய வெறும் உதட்டுக்கு மேலே, நீலக் குவிமாடத்தின் முன்னால், கறுத்த மீசை கம்பீரமாக முறுக்கிக்கொண்டு நின்றது. ஆயிரம் படத்தில் அவள் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான். அவளுக்கு அழித்துவிடலாம் என்று தோன்றியது. அழித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றும் தோன்றியது. விரல் பழகிய பாதையில் தானாகப் போய் எழுதிவிட்டது.

"இண்டைக்கு மாமா."

அனுப்பியபிறகுதான் யாருக்கு எழுதினோம் என்பது உறைத்தது. ஜக்கெற்றும் காரும் இரவல் தந்து, தாயின் கண்ணீரைத் துடைத்த மனிதருக்கு. இந்த முறை சுருக்கென்றது போகவில்லை, அங்கேயே நின்றது. வெயில் வந்து காப்பாற்ற யன்னலும் திறந்திருக்கவில்லை.

வாசல் மணி அடித்தது.

படியில் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. மங்கையற்கரசி கதவுக் கண்ணாடியால் பார்த்தாள். வாசலில் எவர்சில்வர் சட்டி. துண்டு சுற்றி, மூடி இறுக்கி, மேலே அதே கல். மூடியின் இடுக்கால் ஆவி போய்க்கொண்டிருந்தது. தெருவின் மறுபக்கம் அனோஜாவின் கார் நின்றது. அவள் போவதாக இல்லை.

எடுத்தால் தீவில் இல்லை, வீட்டில் இருக்கிறாள் என்றாகும். எடுக்காவிட்டால் கல் போன தடவை போலவே கிடக்கும், அப்போதும் வீட்டில் ஆளில்லை என்றாகும். முன்வீட்டுப் பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று சட்டியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், முழங்கால் புல்லைப் பார்த்தாள்.

"எடு," என்றார் இராஜரட்ணம் பின்னால் இருந்து. "ஆறப் போகுது."

அவள் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. நிறம் போன சோட்டியோடு, வாராத தலையோடு குனிந்து, கல்லைத் தள்ளிவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். சூடு துண்டைத் தாண்டிக் கையைச் சுட்டது. நிமிர்ந்தபோது கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. அனோஜா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

அது படம் எடுக்கத்தான் என்று விளங்கிய கணத்தில், யாரும் சொல்லாமலே மங்கையற்கரசியின் முகம் இடப்பக்கம் சரிந்தது. சிரித்தாள்.